சர்க்காரின் வாக்கும் கைப்பேசியின் வாசகமும்

இலக்கிய விமர்சனம் என்றால் காவியத்தையும் கதையையும் மாத்திரம் எடுத்து நிறுத்துப் பார்ப்பது என்ற எண்ணம் நம்மவரிடம் வேரூன்றிக் கிடக்கிறது. சில நூறு பேர் படிக்கும் கவிதைத் தொகுதி ஒன்றுக்குப் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம். ஆனால், நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் படித்தோ படிக்காமலோ விரலால் தொட்டு “ஒப்புக்கொள்கிறேன்” என்று சொல்லிக் கடந்து செல்லும் உரைநடையை ஒருவரும் மதிப்பிடுவதில்லை. அவ்வுரைநடை சர்க்காருடையது. முன்னாளில் அது கெஜட்டிலும் நோட்டீசிலும் இருந்தது. இந்நாளில் கைப்பேசித் திரையில் இருக்கிறது. அதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது. முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்ற கணக்கும் கிடையாது. ஆயினும், ஒரு மனிதன் கடைக்குள் நுழையலாமா, வேலைக்குப் போகலாமா, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து தன் ஊர்க்காரனைப் பார்க்கலாமா என்பதையெல்லாம் அவ்வெழுத்தே தீர்மானித்த காலம் ஒன்றை நாம் கண்ணெதிரே கண்டோம். இவ்வளவு வலிமையுள்ள எழுத்தை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதென்று விட்டுவிடுவது அறிவுடைமையாகாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே, சிங்கப்பூர்ச் சர்க்கார் கைப்பேசி வழியாக ஜனங்களோடு பேசிய பேச்சில் மூன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம்: ஒரு வாக்குறுதி, ஒரு அனுமதிச் சீட்டு, ஒரு சொல். இம்மூன்றையும் இலக்கியத்தை ஆராய்வது போலவே ஆராய்வோம். பேசுகிறவர் யார்? யாரை நோக்கிப் பேசுகிறார்? கேட்பவர் மறுமொழி சொல்ல இடமுண்டா? இவையே நமது கேள்விகள்.

யந்திரம் செய்த நன்மை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். சீர்திருத்தம் பேசுகிற நாம் யந்திரத்துக்குப் பகைவரல்லோம். பழமையைத் தொழுது புதுமையை வைவது நமது வழக்கமன்று. சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டு சிங்பாஸ் என்ற அடையாள முறை ஏற்பட்டது. 2014 நவம்பரில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் ‘அறிவார்ந்த தேசம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2020-இல் ஒருவருடைய முகத்தையே சாவியாகக் கொண்டு கணக்கைத் திறக்கும் முறையும் சிங்பாஸில் சேர்ந்தது. 2024 அக்டோபரில் பிரதமர் லாரன்ஸ் வோங் அத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை அறிவித்தார்.

இவற்றால் விளைந்த சௌகரியம் சிறிதன்று. சேமநிதிக் கணக்கைப் பார்க்கவும், வருமான வரி கட்டவும், வீட்டுக்கு விண்ணப்பிக்கவும் அரை நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கச்சேரி வாசலில் கைகட்டி நின்று, மனு எழுதுகிறவனுக்கு ஒரு பணம், உள்ளே அழைத்துச் செல்கிறவனுக்கு ஒரு பணம் என்று கொடுத்த நம் முன்னோர் இதைக் கண்டிருந்தால் வியந்திருப்பார்கள். யந்திரம் ‘நீ என்ன ஜாதி’ என்று கேட்பதில்லை. ‘யார் சிபார்சு’ என்றும் கேட்பதில்லை. இந்த அளவில் அது பல உத்தியோகஸ்தர்களைவிட உயர்ந்தது.

நிற்க. உத்தியோகஸ்தனிடத்தில் இருந்த ஒரு நன்மை யந்திரத்தில் இல்லை. அவன் சொன்னது தவறாயின், “நேற்று நீர் இப்படிச் சொன்னீரே” என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிக்கொண்ட திரையைப் பார்த்து அப்படிக் கேட்க வழியில்லை. நேற்றைய வாசகம் அங்கே இராது.

பேரேடு யார் கையில்?

தோட்டத்து ஆபீசில் பெயர் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது புதிய விஷயமாகத் தோன்றவில்லை. அதிகாலைப் பெரட்டுக் களத்தில் கூப்பிட்ட பெயர் செக்ரோலில் விழுந்தால் கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. வேலை செய்தவன் தன் கையால் செய்தான். ஆனால் அவன் வேலை செய்தான் என்பதற்குச் சாட்சி கிராணியின் பேனாவிடம் இருந்தது. எழுத்தறியாத பாட்டனும் பாட்டியும் தங்களுக்கு எதிரே வைத்த தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். அக்காலத்துத் தொழிலாளியின் துன்பத்தில் பாதி மண்வெட்டியில் இருந்ததென்றால் மீதி பேரேட்டில் இருந்தது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தான் படிக்க முடியாது, திருத்தவும் முடியாது என்பதே அத்துன்பம்.

ஆகையால் எந்தப் பேரேட்டைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவன் அதைப் படிக்க முடியுமா? தவறிருந்தால் திருத்தச் சொல்ல முடியுமா? இவ்விரண்டுக்கும் ‘முடியும்’ என்ற விடை வருமானால் பேரேடு தொழிலாளிக்குத் தோழன். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல், வேலைச் சட்டத்துக்கு உட்பட்ட முதலாளிகள் சம்பளத்தை இனவாரியாகப் பிரித்துக் காட்டும் சீட்டைத் தொழிலாளிக்குக் கொடுத்தாக வேண்டும் என்று விதி ஏற்பட்டது. காகிதமாயினும் திரையாயினும் அச்சீட்டு இரு தரப்பாரும் படிக்கக்கூடியது. பிணக்கு வந்தால் எடுத்துக் காட்டக்கூடியது. பதிவு என்பது தன்னளவில் தீமையன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

விடை ‘முடியாது’ என்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். அங்கே ஆதார் எண்ணோடு கைரேகையை ஒத்துப் பார்த்து ரேஷன் கொடுக்கும் முறை பல இடங்களில் வந்தபோது, உழைத்து ரேகை தேய்ந்த விரல்களை யந்திரம் அடையாளம் காணவில்லை என்ற முறையீடு எழுந்தது. அக்காலத்தில் மையில் தோய்த்த விரல் தெரியாத எழுத்துக்குச் சம்மதம் தந்தது. இக்காலத்தில் அதே உழைப்பாளியின் விரல் தன்னைத் தானென்று நிரூபிக்க முடியாமல் நின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. ரேகை ஒத்து வரவில்லை என்பதற்காக உரியவனுக்கு உதவி மறுக்கப்படலாகாது என்பது 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் தீர்ப்பிலும் வற்புறுத்தப்பட்டது. யந்திரத்தின் ‘இல்லை’ என்ற சொல்லே முடிந்த முடிபாகாது என்ற அக்கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குத் திரும்புவோம்.

முதல் வாசகம்: ஒரு வாக்குறுதி

2020 மார்ச்சு 20-ஆம் நாள், கொரோனா நோய் பரவிய தொடக்கத்தில், ‘டிரேஸ்டுகெதர்’ என்ற செயலி சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. ஒருவர் யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதை இரண்டு கைப்பேசிகளும் புளூடூத் வழியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். குறிப்பு 25 நாட்களில் அழிந்துவிடும். நோய் கண்டால் மாத்திரம் அது சுகாதார அதிகாரிகளுக்குக் கொடுக்கப்படும். கைப்பேசி இல்லாதவர்களுக்குச் சிறு கருவியும் பின்னர் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில் விரும்பியவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. 2021 மே மாதத்தில் பல பொது இடங்களுக்குள் நுழைய அதுவே கட்டாயமாயிற்று.

இத்திட்டத்தைப் பற்றி ஜனங்களுக்குச் சந்தேகம் இருந்தது. அச்சந்தேகத்தைப் போக்க, அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பான மந்திரி டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன் 2020 ஜூன் மாதத்தில் ஓர் உறுதி கூறினார். இத்தகவல் நோய்த் தொடர்பைக் கண்டறிவதற்கு மாத்திரமே பயன்படும், வேறெதற்குமில்லை என்பது அவ்வுறுதியின் கருத்து. செயலியின் இணையதளத்திலும் அதே கருத்தில் வாசகம் இருந்தது. ஜனங்கள் நம்பினார்கள். 2021 ஜனவரிக்குள் நாட்டில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர், அதாவது நாற்பத்திரண்டு இலட்சம் பேர் வரை, செயலியையோ கருவியையோ பெற்றுக்கொண்டனர்.

2021 ஜனவரி 4-ஆம் நாள் பார்லிமெண்டில் மெம்பர் கிறிஸ்டபர் டி சூசா ஒரு கேள்வி கேட்டார். அதற்கு விடையாக, உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி போலீசார் இத்தகவலையும் பெறலாம் என்று கூறினார். அன்றைக்கே இணையதளத்து வாசகமும் மாறியது. மறுநாள் டாக்டர் பாலகிருஷ்ணன் எழுந்து, தாம் முன்னர் பேசியபோது குற்றவியல் நடைமுறைச் சட்டம் தம் நினைவில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். கொலை வழக்கு ஒன்றில் அத்தகவல் கோரப்பட்டதும் வெளிவந்தது. 2020 அக்டோபர் இறுதியில் பொதுஜனங்களில் ஒருவர் கேட்ட கேள்வியே தம்மைச் சிந்திக்க வைத்தது என்று மந்திரி பின்னர்ச் சொன்னார். 2021 பெப்ரவரி 2-ஆம் நாள் அவசரச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆள் கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் முதலிய ஏழு வகைப் பெருங்குற்றங்களுக்கு மாத்திரமே போலீசார் இத்தகவலைக் கேட்கலாம் என்று எல்லை கட்டப்பட்டது. எல்லை மீறுவோர்க்கு அபராதமும் சிறையும் உண்டு. 2023 பெப்ரவரியில் திட்டமே முடிவுற்றபோது, அந்தக் கொலை வழக்குக்குரிய தகவலைத் தவிர மற்றவை அழிக்கப்பட்டுவிட்டனவென அறிவிக்கப்பட்டது.

இதில் சர்க்காரின் நேர்மையையும் மறைக்கலாகாது. மந்திரி சபையில் எழுந்து பொறுப்பேற்றார், எல்லை சட்டமாயிற்று, கடைசியில் பதிவு அழிந்தது. ‘கொலைகாரனைப் பிடிக்கத்தானே கேட்டார்கள், அதில் என்ன குற்றம்?’ என்று வினவுவோரும் உண்டு. கொலைகாரன் பிடிபட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வாக்கை நம்பி நாற்பத்திரண்டு இலட்சம் பேர் தங்கள் நடமாட்டத்தை ஒப்படைத்த பிறகு, அவ்வாக்குக்குப் பின்னால் அதைவிட வலிய பழைய சட்டம் ஒன்று நின்றுகொண்டிருந்தது என்று தெரிய வருவதே இங்குள்ள குறை. ‘மாத்திரமே’ என்ற சொல்லை எழுதுகிறவன் அதற்கு எதிரான எல்லாவற்றையும் முன்கூட்டியே தேடிப் பார்த்திருக்க வேண்டும். உரைநடையில் மிகவும் விலையுயர்ந்த சொல் அது. கடைக்காரன்கூடத் தராசைப் பார்த்த பிறகே அச்சொல்லைச் சொல்லுவான்.

வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டிய மற்றொன்று உண்டு. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் வந்தது. மலேசியாவின் அதே வகைச் சட்டம் 2010-இல் வந்தது. சிராங்கூன் சாலைத் துணிக்கடை வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்தால் அக்கடையை அச்சட்டம் கட்டும். ஆனால் சிங்கப்பூர்ப் பொதுத்துறை அமைப்புகள் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்கு 2018-ஆம் ஆண்டின் வேறொரு சட்டமும் சர்க்காரின் உள்விதிகளும் உள்ளன. மலேசியாவிலும் மத்திய சர்க்காரும் மாநிலச் சர்க்கார்களும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவையல்ல. 2024 ஜனவரியில் ‘பாடு’ என்ற பொதுத் தகவல் தளத்தில் பெயர் பதியும்படி மலேசியர்கள் அழைக்கப்பட்டபோது பலர் எழுப்பிய கவலைக்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரனைக் கட்டும் கயிறு வேறு, காவலனைக் கட்டும் கயிறு வேறு என்று இருக்கும்போது, காவலனுடைய கயிற்றை ஜனங்கள் தொட்டுப் பார்க்கக் கேட்பதில் தவறென்ன?

இரண்டாம் வாசகம்: ஒரு அனுமதிச் சீட்டு

வாக்குறுதி குடிகளுக்கு அளிக்கப்பட்டது. வாக்குரிமை இல்லாதவனிடம் அதே யந்திரம் எப்படிப் பேசியது என்பதை இனிக் காண்போம்.

லிட்டில் இந்தியா என்பது கட்டடங்களின் பெயரன்று. மரைன் பரேடிலோ ஜூரோங்கிலோ வசிக்கும் தமிழனுக்கும், ஜோகூர்த் தோட்டத்திலிருந்து பாலம் கடந்து வருகிறவனுக்கும், துவாஸில் கப்பல் தளத்தில் வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரனுக்கும் அது ஒரே சந்தை. காய்கறி வாங்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், வாரம் முழுதும் பேசாத தாய்மொழியை வாயாரப் பேசவும் அவ்விடம் வேண்டும். 2013 டிசம்பர் 8-ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததையொட்டிக் கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2014 ஜூனில் வெளிவந்த அறிக்கை, தொழிலாளர் கூடும் இடங்களில் வெளிச்சமும் கண்காணிப்புக் கேமராக்களும் பெருக வேண்டும் என்பதைத் தன் யோசனைகளுள் ஒன்றாகக் கூறிற்று. அவ்வாறே பெருகின. அன்று முதல் தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைக்கு மேலே ஒரு கண் இருந்துகொண்டிருக்கிறது.

2020-இல் நோய் தங்குவிடுதிகளுக்குள் புகுந்தது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்கே நெருக்கமாக வசித்தனர். அவ்வாண்டு இறுதியில் வெளியான கணக்கின்படி அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்தேழு பேரை நோய் தொட்டிருந்தது. அவர்கள் வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதைக் கைப்பேசிச் செயலியில் தோன்றும் நிறம் சொல்லிற்று. பச்சையானால் போகலாம், சிவப்பானால் கூடாது. நகரத்தார் உணவுக்கடைக்கும் கடற்கரைக்கும் திரும்பிய பின்னரும், தொழிலாளி விடுதிக்கும் வேலையிடத்துக்கும் இடையிலேயே நிறுத்தப்பட்டிருந்தான். 2021 செப்டம்பரில் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை வெளியே சென்று வரலாம். லிட்டில் இந்தியா அவர்கள் போகக்கூடிய இடங்களுள் ஒன்று. மூன்று இலட்சம் எங்கே, ஐந்நூறு எங்கே! 2022 ஜூனில் கட்டு தளர்ந்தது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா, கேலாங் சிராய், சைனாடவுன், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போக விரும்பும் விடுதித் தொழிலாளி, செயலி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 80,000 அனுமதிகள்.

இந்த அனுமதிச் சீட்டை ஓர் எழுத்தாக எண்ணிப் பாருங்கள். அதில் வாக்கியமே இல்லை. எழுவாய் இல்லை, காரணம் இல்லை. பச்சை, சிவப்பு என்ற இரண்டே சொற்கள் உள்ள மொழி அது. ‘ஏன் சிவப்பு?’ என்று கேட்க அம்மொழியில் இலக்கணம் இல்லை. பெரட்டுக் களத்தில்கூடப் பெயர் விடுபட்டவன், “ஐயா, நான் வந்திருந்தேனே” என்று வாய் திறக்கலாம். கங்காணி வைதாலும் ஒரு மறுமொழி கிடைக்கும்.

நோய்த்தடுப்பு அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. விடுதிகளில் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்ததற்கு வைத்திய ஏற்பாடுகள் காரணம் என்பதையும் ஒப்புகிறோம். ஆனால் ஒரே நோய், ஒரே தடுப்பூசி, ஒரே சாலை. ஒருவன் அனுமதியின்றி நடக்கிறான், மற்றொருவன் திரையில் அனுமதி தேடுகிறான். இந்த வேற்றுமைக்கு விளக்கம் நோயில் மாத்திரம் இல்லை. யாருடைய மனக்குறை தேர்தல் நாளில் கணக்கில் வரும், யாருடையது வராது என்பதிலும் இருக்கிறது. யந்திரம் ஜாதி பார்ப்பதில்லை என்று மேலே சொன்னோம். யந்திரத்துக்குக் கட்டளை எழுதுகிறவன் வகுத்த வகுப்பை அது ஒருபோதும் மறப்பதில்லை என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வள்ளுவர் அரசியலைப் பாடும்போது ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அரசனுக்குக் கண்காணிப்பு வேண்டும் என்பதை அவர் மறுத்தவரல்லர். ஆனால் அதற்கு முந்தைய அதிகாரம் எது? ‘கண்ணோட்டம்.’ இரக்கத்தோடு பார்க்கும் பார்வைக்கு அது பெயர். அந்தப் பார்வையைக் கற்ற பிறகே ஒற்றனை ஏவும் அதிகாரத்துக்கு அரசன் வருகிறான். கேமராவுக்குக் கண் உண்டு; கண்ணோட்டம் அதை வைத்தவனிடத்திலிருந்துதான் வர வேண்டும்.

மூன்றாவது: ஒரு சொல்

திரையின் அடியிலுள்ள ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானுக்கு வருவோம். இங்கிலீஷ் பள்ளியில் படித்த நம்மைப் போன்றோர் அதற்கு மேலுள்ள நீண்ட வாசகத்தை ஒருவாறு படித்துவிடுகிறோம். தமிழ் மாத்திரம் அறிந்தவரின் நிலை என்ன? சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. சர்க்கார் 2019-இல் தனக்கென ஒரு மொழிபெயர்ப்பு யந்திரத்தை அமைத்து, 2022-இல் பொதுமக்களும் திருத்தம் செய்ய உதவும்படி அதைத் திறந்துவிட்டது. தவறு நேரக்கூடும், அதைத் திருத்த ஜனங்கள் வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட அம்முறை பாராட்டத் தக்கது. ஆனால் திரைத் தமிழில் பொதுவாகக் காணப்படும் குறை, எழுத்துப் பிழை மட்டுமன்று. ‘தகவல் சேகரிக்கப்படும்’, ‘பகிரப்படலாம்’, ‘பயன்படுத்தப்படக்கூடும்’ என்று வினையெல்லாம் படுவினையாக வருகின்றது. சேகரிப்பவர் யார், பகிர்பவர் யார், யாரிடம் என்பன மறைகின்றன. தமிழில் ‘இன்னார் இதைச் செய்வார்’ என்று எழுதுவதே இயல்பு. இயல்பை விட்டு எழுதும்போது பொறுப்பும் வாக்கியத்தை விட்டு நழுவிப்போகிறது.

‘ஒப்புக்கொள்ளுதல்’ என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒருவர் கேட்டதற்கு இசைவது ஒன்று. செய்த குற்றத்தை ஏற்றுக்கொள்வது மற்றொன்று. போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொள்கிறான் என்றும் சொல்கிறோம். கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டாள் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை, மறுத்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. மறுத்தாலும் வேலையும் வீடும் நடமாட்டமும் போகாது என்றால் அது இசைவு. மறுத்தால் விடுதியை விட்டு வெளியே போக முடியாது என்றால், அப்பொத்தானுக்கு ‘இசைவு’ என்ற அழகிய பெயர் பொருந்தாது; ‘கட்டளை’ என்று நேராகவே எழுதிவிடலாம். கட்டளை சில வேளை நியாயமானதாகவும் இருக்கும். ஆனால் கட்டளையைச் சம்மதம் என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் தீங்கு.

இரண்டு வாக்குகள்

தமிழில் ‘வாக்கு’ என்றால் சொல், கொடுத்த உறுதி, தேர்தலில் போடும் ஓட்டு. மூன்றும் ஒரே சொல்லாக அமைந்தது நமது நல்வாய்ப்பு. 2020 ஜூலை 10 தேர்தலில் திடல் கூட்டங்கள் இல்லை. கட்சிகள் திரை வழியாகவே பேசின. 2025 மே 3 தேர்தலுக்கு முன்னதாக, வேட்பாளர் சொல்லாததைச் சொன்னது போல யந்திரத்தால் புனைந்து காட்டும் படங்களைத் தேர்தல் காலத்தில் தடுக்கும் சட்டம் 2024 அக்டோபரில் நிறைவேறியது. பேச்சும் பிரசாரமும் திரைக்குப் போய்விட்டன. எனினும் ஜனங்களுடைய வாக்கு இன்றும் காகிதச் சீட்டில்தான் விழுகிறது. எண்ணிய பிறகும் அச்சீட்டுகள் முத்திரையிட்டு ஆறு மாதம் பாதுகாக்கப்படுகின்றன. சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதே காரணம். குடியின் வாக்குக்கு இத்தனை காப்பு இருக்கும்போது, சர்க்காரின் வாக்கு மாத்திரம் ஒரே நாளில் மாறித் தன் பழைய வடிவத்தைத் திரையிலிருந்து மறைத்துவிடலாமா?

இதற்கு வழி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. ‘பொஃப்மா’ என்று வழங்கும் பொய்ச்செய்திச் சட்டம் 2019 மே மாதம் நிறைவேறி அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் ஒருவர் எழுதியது பொய்யென்று மந்திரி கருதினால், அதனருகிலேயே திருத்தக் குறிப்பைப் போடும்படி கட்டளையிடலாம். எழுதியவர் கோர்ட்டுக்குப் போவதானாலும் பிறகுதான் போக வேண்டும். மந்திரியே முதல் நீதிபதியாவது தகுமா என்ற வாதம் ஒருபுறமிருக்க, அக்கட்டளையின் அமைப்பு கருதத் தக்கது. பழைய வாசகம் இருக்கும். அதன் அருகில் திருத்தமும் இருக்கும். படிப்பவர் இரண்டையும் காண்பார். குடிகளுக்கு வகுத்த இந்த ஒழுங்கைச் சர்க்கார் தனக்கும் ஏற்றுக்கொள்ளட்டும் என்பதே நமது வேண்டுகோள். செயலியின் வாசகம் மாறும் ஒவ்வொரு முறையும், நேற்று என்ன சொன்னோம், இன்று என்ன சொல்கிறோம், ஏன் மாற்றினோம் என்று நாளும் காரணமும் குறித்து, நான்கு மொழிகளிலும் ஒரே வேளையில் வெளியிடட்டும். தகவலைக் கேட்கும் முன்னரே எல்லையைச் சட்டமாக்கட்டும். நிறத்தையோ மறுப்பையோ காட்டும் ஒவ்வொரு திரையிலும், காரணம் கேட்டால் சொல்வதற்கு ஒரு மனிதரை வைக்கட்டும். வாக்குரிமை உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இது பொதுவாக இருக்கட்டும்.

சர்க்காரிடம் கேட்பதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. 1957-இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பாரம் எழுதத் தெரியாமையால் தமிழன் உரிமை இழக்கலாகாதென்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அயராது பாடுபட்டார். தமிழர் பலர் குடிகளாகப் பதிவு பெற அம்முயற்சி துணை நின்றது. அன்று பாரம் காகிதமாயிருந்தது, இன்று திரையாயிருக்கிறது. வேலை ஒன்றே. சங்கங்களும் வாசகசாலைகளும், பட்டிமன்றத்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் நேரத்தில் பாதியை எடுத்து, ஞாயிறுதோறும் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். முதியவருக்கும் விடுதித் தொழிலாளிக்கும் தோட்டத்திலிருந்து வருகிறவருக்கும் அத்திரையிலுள்ளதை நல்ல தமிழில் படித்துக் காட்டட்டும். படித்துக் காட்டும்போது பொருள் விளங்காத வாக்கியத்தை எழுதிவைத்து, ‘இதன் எழுவாய் யார்?’ என்று சர்க்காருக்குத் திருப்பி அனுப்பட்டும்.

2020-இல் பெயர் தெரியாத ஒருவர் கேட்ட கேள்வியும், 2021-இல் ஒரு மெம்பர் கேட்ட கேள்வியும் சேர்ந்தே ஒரு சட்டத்தைப் பிறப்பித்தன என்பதை மறக்க வேண்டாம். நம் பாட்டன்மார் மையில் தோய்த்த விரலால் தெரியாத எழுத்துக்குச் சம்மதம் வைத்தார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அது அவர்கள் குற்றமன்று. எழுத்துத் தெரிந்த நாம் படிக்காமல் விரல் வைத்தால், அதற்கு யார் மேல் குற்றம் சொல்ல முடியும்? ஆதலால் தோழர்களே, அடுத்த முறை அப்பொத்தானைத் தொடும் முன் மேலே உள்ளதைப் படியுங்கள், படிக்க முடியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள், விளங்காததைக் கேளுங்கள்.